இசுசு ஏற்றிய அம்பாசிடருக்கு எந்த ரேடியேட்டர்? செம்பு, வெல்டிங் அலுமினியம், பிளாஸ்டிக் டேங்க்

ஜப்பானின் இசுசு எஞ்சின் ஏற்றிய அம்பாசிடர் மதுரை நாலுவழிச் சாலையில் எழுபதில் ஓடும்போது பெரும்பாலும் சூடேறாது. நெல்லை வண்ணார்பேட்டை நெரிசலிலும், குற்றால சீசனில் தென்காசி ரோட்டிலும் ஊர்ந்து போகும்போதுதான் டெம்பரேச்சர் முள் ஏறும். அந்த வேளையை மனதில் வைத்துத்தான் ரேடியேட்டர் எடுக்க வேண்டும்.

செம்பு அலுமினியத்தைவிட நன்றாகவே வெப்பம் கடத்தும். ஆனால் செம்பு ரேடியேட்டரில் தண்ணீர்க் குழாயையும், காற்றுக்கு வெப்பம் விடும் மெல்லிய தகடான ஃபின்னையும் பிடித்திருப்பது ஈயப் பற்று. வெப்பம் அங்கே தடைபடும். குழாயை அகலமாக்கினால் அழுத்தத்தில் உப்பிவிடும் என்பதால் அரை அங்குலத்தோடு நிறுத்துவார்கள். அலுமினியக் குழாயின் சுவர் தடிமன் என்பதால் ஒரு அங்குல அகலம் தாங்கும். அதனால் இரண்டு வரிசை அலுமினியமே நாலு வரிசைச் செம்புக்கு ஈடுகொடுக்கும். மூன்று வரிசை கேட்டு வாங்க வேண்டாம். குழாயும் ஃபின்னும் சேர்ந்த நடுப்பகுதியான கோர் தடித்தால் ஊர்ந்து போகும்போது ஃபேனால் காற்றை இழுக்க முடியாது. பின்வரிசைக்கு ஏற்கெனவே சூடான காற்றுதான் போகும். தடிமனைவிட கோரின் முகப்பரப்புதான் முக்கியம்.

அடுத்தது ரேடியேட்டர் மூடி. பழைய செம்பு டேங்குக்கு 7 பிஎஸ்ஐ (அழுத்த அளவு) மூடிதான் பொருத்தம். 13 பிஎஸ்ஐ போட்டால் ஈய இணைப்பு விரிந்து ஒழுகும். வெல்டிங் அலுமினியம் அதைத் தாங்கும். ஒரு பிஎஸ்ஐ கூடினால் கொதிநிலை சுமார் ஒன்றரை டிகிரி உயரும் என்பதால், 7-லிருந்து 13-க்குப் போனாலே ஒன்பது டிகிரி கையிருப்பு.

புதுக் காரிலிருந்து எடுக்கும் பிளாஸ்டிக் டேங்க் ரகம் விலை குறைவு. ஆனால் அவை பெரும்பாலும் அகலமாகவும் குட்டையாகவும் இருக்கும். அம்பாசிடரின் வாய் உயரமானது. ரேடியேட்டரின் மேல்முனை, சூடானதும் கூலண்டைத் திறந்துவிடும் வால்வான தெர்மோஸ்டாட்டுக்குக் கீழே இறங்கிவிட்டால் எஞ்சின் தலையில் காற்று தங்கும். அப்போது எல்லாவற்றுக்கும் மேலான உயரத்தில், கூலண்ட் விரிய இடம் கொடுக்கும், அழுத்தம் தாங்கும் எக்ஸ்பான்ஷன் டேங்க் வைத்தே தீர வேண்டும். பிளாஸ்டிக் வெடித்தால் ஒட்டவும் முடியாது.

பழுது பார்ப்பதில் செம்புக்கே வெற்றி. ஈயம் வைக்கத் தெரிந்த எந்தக் கடையிலும் அடைத்துவிடலாம். அலுமினியத்துக்கு ஆர்கான் வெல்டிங் தெரிந்த கை வேண்டும். எஞ்சின் மாற்றாத வண்டிக்குச் செம்பிலேயே புதுக் கோர் போதும். மாற்றிய வண்டிக்கு இரட்டை வரிசை வெல்டிங் அலுமினியம்தான் என் தேர்வு. ஆனால் அதைப் பொருத்தும் விதத்தில்தான் அதன் ஆயுள் இருக்கிறது.

சேஸிஸில் நேராக போல்ட் போட்டு இறுக்கினால் அதிர்வில் வெல்டிங் ஓரம் கீறும். நாலு பக்கமும் ரப்பர் புஷ் வையுங்கள். ஃபேனுக்கும் கோருக்கும் 25 மிமீ இடைவெளி விடுங்கள். எஞ்சின் மவுண்டில் ஆடும்போது ஃபேன் முன்னே வரும். ஃபேனைச் சுற்றி நின்று கோர் முழுதும் காற்றை இழுக்க வைக்கும் கூடான ஷ்ரௌட் இல்லாமல் எந்த ரேடியேட்டரும் நெரிசலில் உதவாது. கீழ் ஹோஸ் உறிஞ்சும் பக்கம் என்பதால் உள்ளே ஸ்பிரிங் இல்லாவிட்டால் சப்பையாகிவிடும். எலக்ட்ரிக் ஃபேன் வைப்பதானால் முதலில் ஆல்டர்னேட்டர் போடுங்கள். 22 ஆம்பியர் டைனமோ அதற்குப் போதாது.

தாமிரபரணித் தண்ணீரே ஆனாலும் ஊற்றக் கூடாது, போர் தண்ணீர் பேச்சே வேண்டாம். டிஸ்டில்டு வாட்டரும் கூலண்டும் பாதிக்குப் பாதி. பிறகு எஞ்சின் ஆறியிருக்கும்போதே மூடியைத் திறந்துகொண்டு, எஞ்சினை ஓடவிட்டு, லைட், ஃபேன் எல்லாம் போட்டு, மல்டிமீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் மறுமுனையை, கோரில் படாமல், கூலண்டிலும் வையுங்கள். 0.1 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எஞ்சின் எர்த் சரியில்லை. அந்த மின்சாரம் கூலண்ட் வழியே ஓடி, உள்ளிருந்தே அலுமினியத்தை ஊசி ஊசியாக அரிக்கும். எஞ்சினிலிருந்து சேஸிஸுக்குத் தடித்த எர்த் வயர் ஒன்று போட்டு மறுபடி அளந்து பாருங்கள். ஃபேனின் எர்த்தை ரேடியேட்டர் பிராக்கெட்டில் மாட்டவே கூடாது.