வாட் மீட்டர் நன்றாக இருக்கிறது, கூட வந்த கையேட்டைத் திருத்துங்கள்

பிளக்கில் செருகும் வாட் மீட்டர் ஒன்றை வாங்கி இரண்டு மாதம் ஆகிறது. சுவர் சாக்கெட்டில் இதைச் செருகி, இதன் முகப்பில் ஃபிரிட்ஜையோ ஃபேனையோ மாட்டினால், அது அந்த நேரத்தில் எத்தனை வாட் எடுக்கிறது என்று திரையில் ஓடும். நான் பத்தாம் வகுப்புக்கு இயற்பியல் எடுக்கிறேன். திறனையும் ஆற்றலையும் பிள்ளைகள் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்வார்கள். அதற்காகத்தான் வாங்கினேன்.

கருவியில் பெரிய குறை இல்லை. இஸ்திரிப் பெட்டியை மாட்டினேன், 985 வாட். சூடு ஏறியதும் சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கி, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி ஏறியது. திறன் என்பது அந்தந்த நொடியில் ஆற்றல் செலவாகும் வேகம், ஆற்றல் என்பது அது சேர்ந்த மொத்தம் என்று நான் எத்தனையோ நாள் சொல்லியும் புரியாதவர்களுக்கு இந்த ஒரு காட்சி போதுமாக இருந்தது. திரையில் பின்விளக்கு இல்லை, தாழ்வான சாக்கெட்டில் செருகினால் குனிந்துதான் படிக்க வேண்டும். ஒரு வாட்டுக்குக் கீழே காட்டும் எண்ணை நம்ப வேண்டாம்.

எனக்கு மனத்தாங்கல் கையேட்டின் 2ஆம் பக்கத்தில் இருக்கும் கட்டம்தான். நீராவி எஞ்சினைக் கண்டுபிடித்த ஜேம்ஸ் வாட், தான் உருவாக்கிய அலகுக்குத் தன் பெயரையே வைத்தார் என்று அதில் அச்சடித்திருக்கிறார்கள். இரண்டுமே தப்பு. ஒரு பிள்ளை அதைப் பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வந்துவிட்டாள்.

தாமஸ் நியூகொமன் என்ற ஆங்கிலேயரின் நீராவி எஞ்சின் 1712லேயே ஓடியது. வாட் பிறந்தது 1736இல், ஸ்காட்லாந்தின் கிரீனாக்கில். கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவி செய்பவராக இருந்தபோது நியூகொமன் எஞ்சினின் சிறு மாதிரி ஒன்று பழுது பார்க்க அவரிடம் வந்தது. பிஸ்டனின் ஒவ்வொரு வீச்சுக்கும் சிலிண்டரையே குளிரவைத்து மறுபடி சூடாக்குவதில் நீராவி வீணாவதைக் கண்டு, நீராவியைக் குளிர்விக்கத் தனிக் கலம் வைத்தார். 1769இல் காப்புரிமை வாங்கினார். பிறகு தொழிலதிபர் மேத்யூ போல்ட்டனோடு கூட்டுச் சேர்ந்தார்.

அவர்கள் கட்டணம் வாங்கிய விதம் அழகானது. பழைய எஞ்சினை மாற்றிய சுரங்கக்காரரிடம், மிச்சமான நிலக்கரியின் விலையில் மூன்றில் ஒரு பங்கு. சரி, அதுவரை குதிரையைப் பூட்டி ஆலை ஓட்டியவரிடம் எதை வைத்துக் கணக்குப் போடுவது? அங்கே ஒப்பிடப் பழைய எஞ்சினே இல்லை. அதனால் வாட் குதிரையையே அளந்தார். ஒரு நிமிடத்தில் 33,000 பவுண்டு எடையை ஓர் அடி உயர்த்தும் திறனை ஒரு குதிரைத்திறன் என்று வைத்தார். சாதாரணக் குதிரை நாள் முழுக்க அந்த அளவுக்கு இழுக்காது. வாட் உருவாக்கிய அலகு இதுதான். இதில் அவர் பெயர் எங்கும் இல்லை.

அவர் 1819இல் இறந்துவிட்டார். அதற்கு 63 வருடம் கழித்து, 1882இல், சவுத்தாம்ப்டனில் கூடிய பிரிட்டிஷ் அறிவியல் சங்கத்தில் தலைமையுரை ஆற்றிய பொறியாளர் வில்லியம் சீமென்ஸ்தான் வாட் என்ற அலகுப் பெயரை முன்மொழிந்தார். ஒரு வோல்ட்டில் ஓர் ஆம்பியர் ஓடும்போது கிடைக்கும் திறனுக்கு வாட் என்று பெயர் வைக்கலாம், ஏனென்றால் திறன் என்றால் என்ன என்பதைத் தெளிவாக நினைத்து, அதை அளக்க வழி சொன்ன முதல் ஆள் ஜேம்ஸ் வாட் என்றார். பிரிட்டிஷ் குதிரைக்கு 746 வாட், பிரெஞ்சுக் குதிரைக்கு 735 வாட் என்று கணக்கும் சொன்னார். நாட்டுக்கு நாடு குதிரை மாறினால் டைனமோ செய்கிறவர் எதை நம்புவார்? 1889இல் பாரிஸில் கூடிய மின்சார மாநாடும் வாட்டை ஏற்றது. 1960இல் அது எஸ்.ஐ. என்ற சர்வதேச அலகு முறையில் இடம்பிடித்தது. தான் செய்த குதிரைத்திறனை ஓரங்கட்டிய அலகுக்குத் தன் பெயரே வந்தது அந்த மனிதருக்குத் தெரியாது. எனக்கு இதை நினைக்கும்போதெல்லாம் நெஞ்சு நிறைகிறது.

சீமென்ஸின் பெருக்கலை இந்தக் கருவியில் சோதித்தும் பார்க்கலாம். இஸ்திரிப் பெட்டிக்கு வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் திரையில் உள்ள வாட் அப்படியே வருகிறது. ஃபிரிட்ஜுக்கு வரவில்லை. 231 வோல்ட், 0.78 ஆம்பியர், பெருக்கினால் 180. திரையிலோ 122 வாட். மீட்டர் கெட்டுவிட்டது என்று பிள்ளைகள் நினைத்தார்கள். மாறுமின்சாரத்தில் மோட்டாரின் மின்னோட்டம் மின்னழுத்தத்துக்குச் சற்றுப் பிந்தி வருவதால் பெருக்கல் முழுவதும் வேலையாக மாறுவதில்லை. அந்தப் பெருக்கலில் எத்தனை பங்கு வேலையாகிறது என்று காட்டும் பவர் ஃபேக்டர் பொத்தானை அழுத்தினால் 0.68 என்று வந்தது. மலிவான கருவிகள் சில வெறுமனே பெருக்கிக் காட்டிவிடும். இது அப்படிச் செய்யாததால்தான் தைரியமாகப் பரிந்துரைக்கிறேன்.

தயாரிப்பாளருக்கு எழுதியிருக்கிறேன், இன்னும் பதில் இல்லை. அதுவரை அந்தக் கட்டத்தின் மேல் வெள்ளைத் தாளை ஒட்டி, ‘வாட் அளந்தது குதிரையை, வாட் என்று பெயர் வைத்தது சீமென்ஸ், 1882’ என்று எழுதி வகுப்பு அலமாரியில் வைத்திருக்கிறேன்.