விண்வெளி நிலைய மாதிரிப் பெட்டி: பசை பூசாமல் பொருத்துவோருக்கே முழுப் பயன்

ஹற்றனை அண்டிய தோட்டப் பாடசாலையொன்றின் விஞ்ஞானக் கழகத்துக்காக, கண்டி நகரக் கடையொன்றில் சர்வதேச விண்வெளி நிலையத்தின் பிளாஸ்டிக் மாதிரிப் பெட்டியை 8,500 ரூபாய்க்கு வாங்கினோம். 1:200 அளவில் அமைந்த இம்மாதிரியில், 109 மீற்றர் நீளமான நிலையம் ஏறத்தாழ 55 சென்ரிமீற்றராகச் சுருங்கி ஆய்வுகூட மேசையில் அடங்கிவிடுகிறது. அதனோடு அமெரிக்க விண்ணோடம் ஒன்றும், நிலையத்தின் இயந்திரக் கரமும், ஒரு சென்ரிமீற்றர் உயரங்கூட இல்லாத இரண்டு விண்வெளி வீரர் உருவங்களும் தரப்பட்டுள்ளன.

பெட்டியோடு வரும் கையேடு, ஒரு முனையில் தொடங்கி மறுமுனை வரை எல்லாப் பாகங்களையும் பசையிட்டு ஒட்டிக்கொண்டே போகச் சொல்கிறது. அவ்வாறு செய்தால் கண்ணாடி அலுமாரியில் வைக்கத்தக்க அழகிய பொருளொன்று கிடைக்கும். ஆனால் அந்த நிலையத்தை மனிதர்கள் எவ்வாறு கட்டினார்கள் என்பது மாணவருக்குத் தெரியாமலே போய்விடும். பாகங்கள் யாவும் ஊசியும் துளையுமாகப் பொருந்துவதால், பசையின்றியே பூட்டவும் கழற்றவும் முடிகிறது. இதுவே இப்பெட்டியின் தலையாய சிறப்பு என்பது என் துணிபு. ஆகவே கையேட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, விண்வெளிப் பயணங்கள் நடந்த ஒழுங்கிலேயே பாகங்களைப் பொருத்துமாறு வாங்குவோரை வற்புறுத்திக் கேட்டுக்கொள்கிறேன்.

நாங்கள் 1998 டிசம்பரில் புறப்பட்ட எண்டேவர் விண்ணோடத்திலிருந்து தொடங்கினோம். நிலையத்தின் முதற் பாகமான ரஷ்யாவின் சர்யா கூறு அதற்கு முந்திய நவம்பர் 20ஆம் திகதியே ஏவப்பட்டு ஆளின்றிச் சுற்றிக்கொண்டிருந்தது. ரொபர்ட் கபானா தலைமையில் சென்ற ஆறு பேர், தாம் கொண்டுசென்ற யூனிட்டி கூற்றை அதனோடு இணைத்தனர். விண்ணோடத்தின் கரத்தால் சர்யாவைப் பிடித்து யூனிட்டியின் மேல் கொண்டுவந்து நிறுத்திய நான்சி கரிக்கு, இணைப்பிடம் நேராகக் கண்ணில் படவில்லை. யூனிட்டியே மறைத்துக்கொண்டிருந்ததால் ஒளிப்படக் கருவிகளின் துணையோடுதான் அவர் அதைச் செய்து முடித்தார். எங்கள் மாணவி ஒருத்தி, கண்முன்னே அட்டையொன்றைப் பிடித்து மறைத்துக்கொண்டு, தோழி சொல்லச் சொல்ல ஆறு சென்ரிமீற்றர் நீளமான சர்யாவை நகர்த்தினாள். ஊசி துளையின் விளிம்பில் உரசி உரசி விலகிய பின்னர் ‘டக்’ என்று உள்ளே இறங்கியபோது, அருகில் நின்ற எவரும் அதுவரை பேசவில்லை. அதன் பிறகு ஜெரி ரொஸ்ஸும் ஜேம்ஸ் நியூமனும் மூன்று முறை வெளியே சென்று மின் இணைப்புகளையும் தரவு இணைப்புகளையும் பூட்டினார்கள் என்று சொன்னபோது, அந்த வேலை எத்தகையது என்பதை விளக்க வேண்டிய தேவையே எழவில்லை. விண்ணோடத்துக்குரிய கரம் பெட்டியில் தரப்படாதது ஒரு குறையே. நிலையத்தின் கரத்தையே நாங்கள் அதற்குப் பதிலாகப் பயன்படுத்தினோம்.

பசை பூசியிருந்தால் செய்யவே முடியாமற் போயிருக்கும் பகுதி, பி6 எனப்படும் சூரியத் தகட்டுத் தொகுதியின் இடமாற்றமாகும். 2000ஆம் ஆண்டின் இறுதியில் நிலையத்தின் உச்சியில் தற்காலிகமாக நிறுத்தப்பட்ட அத்தொகுதியை, 2007 ஒக்டோபரில் பமேலா மெல்ரோய் தலைமையில் டிஸ்கவரியில் சென்ற குழுவினர் கழற்றி, இடப்புறக் கோடிக்கு மாற்றினர். மடித்திருந்த சூரியத் தகட்டு இறக்கைகளை மீண்டும் விரித்தபோது, வழிகாட்டிக் கம்பியொன்றில் சிக்கி ஓர் இறக்கை கிழிந்தது. ஸ்கொட் பரசின்ஸ்கி, நிலையத்தின் கரத்தோடு நீள்தண்டொன்றையும் இணைத்து அதன் நுனியில் நின்றபடி, மின்னோட்டத்தை நிறுத்த இயலாத அத்தகட்டில், நிலையத்துக்குள்ளேயே கம்பியாலும் அலுமினியத் துண்டுகளாலும் செய்துகொண்ட ஐந்து இணைப்பிகளைக் கோத்து அதைக் காப்பாற்றினார். பெட்டியில் அந்த நீள்தண்டு இல்லை. மாணவர்கள் விளக்குமாற்று ஈர்க்கு ஒன்றை ஏழரை சென்ரிமீற்றருக்கு நறுக்கிக் கரத்தோடு கட்டி, சிறிய உருவத்தை அதன் நுனியில் நிறுத்திப் பார்த்தனர். இறக்கையின் கிழிந்த இடத்தை உருவம் எட்டியும் எட்டாமலும் நின்றது. அத்தனை தொலைவுக்கு ஒரு மனிதரை அனுப்பத் துணிந்தார்களே என்ற வியப்பு எனக்கு இன்னும் அடங்கவில்லை.

தரத்தைப் பொறுத்தவரை, அந்த பி6 தொகுதியின் ஊசிதான் மிகவும் வலுக்குன்றியது. இருமுறை கழற்றிப் பூட்டியதும் அதன் அடி வெளுத்து வளையத் தொடங்கியது. ஊசியைச் சுற்றி மெல்லிய நூலைச் சுற்றிக்கொண்டால் துளையில் இறுக்கமாக நிற்கும். தகடுகளில் ஒட்டவேண்டிய பொன்னிறத் தாள்கள் மலைநாட்டு ஈரத்துக்குச் சற்றும் ஏற்றவையல்ல. தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் ஓரங்கள் சுருண்டு எழும்பிவிடுகின்றன. மூடியுள்ள டப்பாவில் வைத்து, ஈரத்தை உறிஞ்சும் சிறு பொதிகளைக் கூடவே இட்டுவைப்பது நல்லது.

2021 ஜூலையில் நிலையத்தோடு இணைந்த ரஷ்யாவின் நவுகா கூறு இதில் இல்லை என்று சிலர் குறை கூறக்கூடும். விண்ணோடங்களின் சேவை 2011 ஜூலையிலேயே முடிந்துவிட்டதால், விண்ணோடம் இணைந்து நிற்கும் மாதிரியில் நவுகா இடம்பெறாததே சரியானது. இதனை நான் குறையாகக் கொள்ளவில்லை.

இதே கடையில் 5,000 ரூபாய்க்குச் சிறிய பெட்டியொன்றும் கிடைக்கிறது. அதில் விண்ணோடமும் இயந்திரக் கரமும் இல்லை; பாகங்களும் முன்னரே ஒட்டப்பட்டு வருகின்றன. பாடசாலைக்கு வாங்குவோர் மீதிப் பணத்தை எப்படியாவது சேர்த்துக்கொண்டு பெரிய பெட்டியையே வாங்கட்டும்.