ஸ்டாட் ப்ரோவா, ஈடாப்ஸா? குமரி மாவட்ட வேலைகளில் நெடுநாள் பயன்படுத்திய அனுபவம்

மார்த்தாண்டத்தில் நான்கு மாடி கான்கிரீட் கட்டடம், ஆரல்வாய்மொழியில் இரும்பு ட்ரஸ் (முக்கோணச் சட்டங்களால் ஆன கூரை) குடோன், குளச்சலில் படகு ஷெட். மூன்றும் ஒரே அலுவலகத்துக்கு வரும் வேலைகள்தான், ஆனால் கட்டமைப்பின் வலுவைக் கணக்கிடும் ஒரே மென்பொருள் எல்லாவற்றுக்கும் ஒன்றுபோலக் கைகொடுக்காது. வேலைகளில் பாதிக்குமேல் மாடிக் கட்டடம் என்றால் ஈடாப்ஸ். ட்ரஸ், டவர், தண்ணீர்த் தொட்டி என்றால் ஸ்டாட் ப்ரோ. விலை கேட்பதற்கு முன்பே இதை முடிவு செய்துவிடுங்கள்.

ஈடாப்ஸில் ஒரு தளத்தை வரைந்து மற்ற தளங்களுக்கு அப்படியே ஏற்றிவிடலாம். நேரம் மிச்சமாவது அங்கேதான். கோட்டை விடுவது விறைப்பில். நிலநடுக்கக் கணக்கில் கான்கிரீட் விரிசலுக்காகத் தூணின் மொமென்ட் ஆஃப் இனர்ஷியாவில் (குறுக்குவெட்டு வளைவை எதிர்க்கும் அளவு) 70%, பீமுக்கு 35% மட்டும் எடுக்கச் சொல்கிறது இந்தியத் தர விதியான ஐஎஸ் 1893:2016. நாமாக மாற்றாதவரை மென்பொருளில் அது 1, அதாவது முழு அளவு, என்றே இருக்கும். கட்டடத்தின் பக்கவாட்டு அசைவு குறைவாகத் தெரியும். எந்த எச்சரிக்கையும் வராததால் யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை.

ஸ்டாட் ப்ரோவை நாங்கள் விடாமல் வைத்திருப்பதற்குக் காரணம் அதன் எழுத்து வடிவ இன்புட் கோப்பு. யார் செய்த மாடலாக இருந்தாலும் வரிவரியாகப் படித்துச் சரிபார்க்கலாம். ஆனால் ட்ரஸ் டிசைனில் ஒரு பொறி உண்டு. 12 மீட்டர் ட்ரஸின் கீழ்க் கார்டை (அடியில் நீளமாக ஓடும் உறுப்பை) 1.5 மீட்டருக்கு ஒரு முனையாக வரைந்திருப்போம். காற்று கூரையைத் தூக்கும்போது, அதாவது 0.9 பங்கு டெட் லோடும் (கட்டமைப்பின் சொந்த எடையும்) 1.5 பங்கு காற்றும் சேரும்போது, இழுவிசையில் இருந்த அந்தக் கார்டு அமுக்கத்துக்குப் போகும். மென்பொருள் முனைக்கு முனை 1.5 மீட்டரையே பக்கிளிங் நீளமாக (அமுக்கத்தில் உறுப்பு பிதுங்கி வளையக்கூடிய நீளமாக) எடுக்கும். செங்குத்துத் தளத்துக்கு அது சரி. பக்கவாட்டில் நடுவில் ஒரே ஒரு டை (பிடிப்புக் கம்பி) மட்டும் இருந்தால் உண்மை நீளம் 6 மீட்டர். நீளம் நான்கு மடங்கானால் ஆய்லர் சுமை, அதாவது உறுப்பு வளைந்துவிடும் சுமை, பதினாறில் ஒரு பங்காகிவிடும். கார்டின் எல்லா உறுப்புகளுக்கும் இந்த நீளத்தைக் கையால் கொடுத்தே ஆக வேண்டும்.

காற்றைப் பற்றியும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்துக்குக் காற்றுச் சுமைக்கான ஐஎஸ் 875 மூன்றாம் பகுதி வரைபடம் காட்டும் அடிப்படை வேகம் விநாடிக்கு 39 மீட்டர். திருத்தக் காரணிகள் எல்லாம் 1 என்றால் அழுத்தம் சதுர மீட்டருக்குச் சுமார் 0.91 கிலோநியூட்டன். மலைச்சரிவும் உச்சியும் உள்ள இடங்களில் நில அமைப்புக்கான கே3 காரணி 1.36 வரை போகலாம். அழுத்தம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால் 85% கூடும். காற்றாலைகள் நிற்கும் முப்பந்தல், ஆரல்வாய்மொழிப் பக்கம் கே3-ஐ 1 என்று விட்டுவிட்டு ஓட்டிய மாடலை நம்பவே கூடாது. இடத்தை நேரில் பார்த்துத்தான் அதை முடிவு செய்ய வேண்டும்.

கடற்கரை வேலைக்கு இரண்டு மென்பொருளும் தாமாக எச்சரிக்காது. கான்கிரீட்டுக்கான ஐஎஸ் 456 படி கடற்கரைச் சூழலுக்கு எம்30 தரக் கான்கிரீட், 45 மி.மீ. கவர் (கம்பியை மூடும் கான்கிரீட் தடிமன்), கடல்நீர்த் தெறிப்பு படும் இடத்துக்கு எம்35, 50 மி.மீ. 125 மி.மீ. ஸ்லாபில், 10 மி.மீ. கம்பிக்கு, கவர் 20-லிருந்து 45 ஆனால் பயன்தரு ஆழம் (அமுக்கப் பக்க விளிம்பிலிருந்து கம்பியின் மையம் வரை) 100-லிருந்து 75-க்கு இறங்கும். அதே கம்பி போதாது. முட்டம், குளச்சல் வேலை என்றால் கவரை முதலில் மாற்றிவிட்டே மாடலைத் தொடங்குங்கள்.

சோதனைப் பதிப்பு கையில் வந்ததும் 6 மீட்டர் பீம், மீட்டருக்கு 20 கிலோநியூட்டன், இரு முனையிலும் எளிய தாங்கல் என்று ஓட்டிப் பாருங்கள். நடுவில் வளைவு மொமென்ட் 90 கிலோநியூட்டன் மீட்டர் வர வேண்டும். 30 வந்தால் முனைகள் இறுக்கமாகக் கிடக்கின்றன, முனையைச் சுழல விடும் ரிலீஸ் விழவில்லை.

பிராக்கெட், பேஸ் பிளேட் போன்ற சிறு பாகங்களுக்குச் செலவில்லாத மென்பொருள்களான ஃப்ரீகேடும் (வரைய) கால்குலிக்ஸும் (கணக்கிட) போதும். பாகத்தைச் சிறு துண்டுகளாகப் பிரிக்கும் நான்முகி மெஷ்ஷை இரண்டாம் படியில் (விளிம்பு நடுவிலும் முனை உள்ள வகையில்) வையுங்கள். முதல் படி வளைவில் அளவுக்கு மீறி விறைக்கும். உள்மூலையில் மெஷ்ஷைப் பொடிதாக்கப் பொடிதாக்க ஸ்ட்ரெஸ் ஏறிக்கொண்டே போனால் அது கூர்மூலையின் கோளாறு. ஃபில்லட் (மூலையை வளைவாக்குவது) கொடுத்துவிட்டு மறுபடி ஓட்டுங்கள்.