மல்லிகையா, செம்பருத்தியா? ஆறடி மண்ணுக்கு ஒரு பஞ்சாயத்து

சாமிக்குப் பூ வேண்டும், முன்சுவரும் பார்க்க லட்சணமாக இருக்க வேண்டும். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்தை விட்டு, மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுன் பக்கம் தாமான் (வீடமைப்புப் பகுதி) வீட்டுக்கு வந்ததும் எங்கள் வீட்டில் கிளம்பிய சண்டை இதுதான். லயத்தில் இடத்துக்குப் பஞ்சமில்லை, கிடைத்ததை எல்லாம் நட்டுவைத்தோம். இங்கே கேட்டுக்கும் கால்வாய்க்கும் நடுவில் மிஞ்சியது ஆறடி மண். அம்மா மல்லிகைக் கட்சி, நான் செம்பருத்திக் கட்சி.

இந்தப் போட்டி எங்கள் வீட்டில் தொடங்கியதும் இல்லை. 1958இல் நாட்டின் தேசிய மலருக்குப் பெயர்கள் முன்மொழியப்பட்டபோது தாமரை, ரோஜா, செண்பகம் இவற்றோடு மல்லிகையும் வரிசையில் நின்றது. 1960 ஜூலை 28ஆம் தேதி மலாயில் ‘புங்கா ராயா’ எனப்படும் செம்பருத்தியைத் தேசிய மலராக அறிவித்தார்கள். ஐந்து இதழ்தான் ருக்குன் நெகாரா என்ற தேசியக் கோட்பாட்டின் ஐந்து கொள்கைகள் என்று பள்ளியில் சொல்லிக்கொடுத்தார்கள். ருக்குன் நெகாரா வந்ததோ 1970இல். பூ முந்தி, பொருள் பிந்தி.

சரி, மல்லிகைக்கு வருவோம். யூடியூபைப் பார்த்து மல்லிகை வளர்ப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தமிழ்நாட்டில் நவம்பர் கடைசியில் கவாத்து செய்து, அதாவது கிளைகளை வெட்டிவிட்டு, தண்ணீரைக் குறைத்துச் செடியைக் காயவிட்டால், மாசி பங்குனியில் பூத்துக் குலுங்கும். இங்கே காயவிடுவது எப்படி? மதியம் மூன்று மணிக்கு இடி இடித்தால் நான்கு மணிக்குக் கால்வாய் நிரம்பிவிடும். நான் தண்ணீரை நிறுத்தினாலும் வானம் நிறுத்துவதில்லை. முதல் வருடம் எங்கள் செடி இடுப்பு உயரத்துக்குக் கொடி விட்டது, கரும்பச்சை இலை, வேலியெல்லாம் பிடித்துக்கொண்டது. பூ? எண்ணி ஏழு.

அப்புறம்தான் புரிந்தது, இங்கே தண்ணீரை நம்பிப் பயனில்லை, கத்திரிக்கோலைத்தான் நம்ப வேண்டும். மல்லிகை புதுத் தளிரின் நுனியில்தான் மொட்டு வைக்கும். பாதி உயரத்துக்கு வெட்டி, மிச்ச இலையையும் உருவிவிட்டால், எங்கள் வீட்டுக் கணக்கில் ஐந்தாறு வாரத்தில் மொட்டு வந்துவிடுகிறது. தீபாவளிக்குப் பூ வேண்டுமானால் ஒன்றரை மாதம் முன்னால் வெட்ட வேண்டும். அம்மாவுக்கு மனசு வராது. “பச்சப் பிள்ள மாதிரி இருக்கு, அத போயி வெட்டுறியே” என்பார். வெட்டினால்தான் பூ.

இன்னொரு தொல்லை, மொட்டுப்புழு. மொட்டு விரியாமல் ஊதா நிறத்துக்கு மாறினால் கையில் எடுத்து உற்றுப் பாருங்கள், ஊசி குத்தியது போல ஓட்டை இருக்கும். பிரித்தால் உள்ளே நூல் பருமனில் ஒரு புழு. நான் மருந்தடிப்பதில்லை, சாமிக்கும் தலைக்கும் போகிற பூ. கெட்ட மொட்டைக் கிள்ளிப் பையில் கட்டிக் குப்பையில் போடுகிறேன். செடியடியில் போட்டால் அங்கிருந்தே மறுபடி ஏறும்.

செம்பருத்திக்கு இவ்வளவு சேவகம் தேவையில்லை. பென்சில் பருமனில் ஒரு குச்சியை ஒடித்து மண்ணில் செருகினால் போதும், மழை பார்த்துக்கொள்ளும். வெட்டினாலும் பூக்கும், வெட்டாவிட்டாலும் பூக்கும். நர்சரியில் இருக்கும் தட்டளவு மஞ்சள், ஆரஞ்சு ஒட்டுரகங்களை நான் சொல்லவில்லை. அவற்றுக்கு நோவு அதிகம். லயத்து வேலியில் நின்ற பழைய ஒற்றையடுக்குச் சிவப்பைச் சொல்கிறேன். அதற்கு முக்கிய எதிரி மாவுப்பூச்சி. தளிர் சுருண்டு, வெள்ளையாகப் பஞ்சு ஒட்டியது போல இருந்தால் முதலில் எறும்பைப் பாருங்கள். பூச்சி விடும் தேனுக்காக எறும்புதான் அதைக் காவல் காக்கிறது. ஹோஸ் பைப்பால் பலமாகத் தண்ணீர் அடித்து, சுருண்ட நுனியை வெட்டிப் போட்டால் பாதி வேலை முடிந்தது.

ஆனால் செம்பருத்தியின் ஆயுள் ஒரு நாள். காலையில் விரிந்தது சாயங்காலம் விளக்கு வைக்கும் நேரத்தில் துணி முறுக்கியது போலச் சுருண்டுவிடும். தொடுக்கவும் முடியாது. மல்லிகை நேர்மாறு, சாயங்காலம் மொட்டாகப் பறித்துத் தொடுத்தால் இரவில் விரிந்து மணக்கும். காலை பூசைக்கு ஒன்று, அந்தி விளக்குக்கு ஒன்று என்று எங்கள் வீட்டில் சமாதானம் ஆனது. ஆறடியில் நாலடி செம்பருத்திக்கு. ஒரே ஒரு செடிக்குத்தான் இடம், கத்திரிக்கோல் எடுக்க நேரமும் இல்லை என்றால் யோசிக்காமல் செம்பருத்தி.

முன்சுவருக்கு இட்லிப்பூவும் காகிதப்பூவும் மோதின. இட்லிப்பூ என்பது வெட்சி. ஆநிரை கவரப் போன மறவர் சூடிய பூ, இன்று தாமான் ரவுண்டானாவில் வேலியாக நிற்கிறது. கொத்து வாரக்கணக்கில் வாடாது, மழைக்கும் அசையாது. ஆனால் புளிப்பு மண், அதாவது அமில மண் கேட்கும். நம் தோட்டப்புற மண் இயல்பாகவே புளிப்புத்தான், சுவரோரம்தான் வம்பு. வீடு கட்டிய குத்தகைக்காரர் புதைத்துவிட்டுப் போன சிமெண்டுக் கட்டி மண்ணைச் சுண்ணாம்பாக்க, எங்கள் செடியின் இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாகத் தெரிந்தது. உரம் கொட்டியும் பயனில்லை. சுவரிலிருந்து இரண்டடி தள்ளி மாற்றி வைத்த பிறகுதான் தேறியது.

காகிதப்பூவுக்கு வெயிலும் கொஞ்சம் பட்டினியும் வேண்டும். நாம் பூ என்று பார்ப்பது நிறம் மாறிய இலை. உள்ளே குச்சி போல நிற்கும் வெள்ளைதான் பூ. மண்ணில் நட்டால் மழை குடித்து முள்ளும் இலையுமாகக் கூரை ஏறும். இங்கே அக்டோபர், நவம்பரில் மழை கொட்டும், ஜனவரி, பிப்ரவரியில் சற்று விடும். அதனால் தீபாவளிக்கு இலை, தைப்பூசத்துக்குப் பூ. வைப்பதானால் தொட்டியில் வையுங்கள். அடியில் தட்டு வேண்டாம், தண்ணீர் தேங்கினால் ஏடிஸ் கொசு குடியேறும், சுகாதார இலாகாக்காரர் அபராதச் சீட்டோடு வருவார்.

ரோஜாவை ஏன் விட்டேன் என்று கேட்பீர்கள். கேமரன் மலைக் குளிரில் பூத்துக்கொண்டிருந்த இரண்டு செடியைத் தொட்டியோடு வாங்கி வந்தோம். இந்தப் புழுக்கத்தில் இலையெல்லாம் கரும்புள்ளி விழுந்து, இரண்டு மாதத்தில் மொட்டைக் குச்சி ஆகிவிட்டது. தொட்டி மட்டும் மிச்சம். காகிதப்பூ இப்போது அதில்தான் நிற்கிறது.