கேபிள் பூட்டா, எஃகுப் பெட்டியா?

அமெரிக்காவில் உரிமம் பெற்ற கடைகள் கைத்துப்பாக்கியோடு ஏதாவது ஒரு பூட்டுச் சாதனமும் தரவேண்டும் என்பது 2005-இல் வந்த சட்டம். பெரும்பாலும் கிடைப்பது கேபிள் பூட்டு. குண்டுகள் அடுக்கிய மேகசினைக் கழற்றி, உள்ளே குண்டு இல்லையென்று பார்த்துவிட்டு, பூட்டின் கம்பியைத் துப்பாக்கிக்குள் நுழைத்துப் பூட்டினால், மேலே முன்னும் பின்னும் நகரும் ஸ்லைடு மூடாது, சுடவும் முடியாது. ஆனால் திருடன் துப்பாக்கியை அப்படியே தூக்கிக்கொண்டு போய், கம்பியைச் சாவகாசமாக வெட்டிக்கொள்வான். நள்ளிரவில் சாவி தேடி, கம்பியை உருவி, குண்டு நிரப்புவதெல்லாம் தற்காப்புக்கு உதவாது. இந்தத் தொல்லைக்காகவே சிலர் பூட்டாமல் மேசை இழுப்பறையில் போட்டுவிடுகிறார்கள். குழந்தை இருக்கும் வீட்டில் அதைவிட ஆபத்து வேறில்லை.

படுக்கையருகே வைக்கும் சிறிய எஃகுப் பெட்டி சில நொடிகளில் திறக்கும். போல்ட் போட்டு இறுக்காவிட்டால் துப்பாக்கி பெட்டியோடு திருடுபோய்விடும். பெட்டிப் பூட்டின் பேட்டரியையும் அவ்வப்போது மாற்றவேண்டும்.

பெட்டியைத் திறக்கக் கைரேகையா, எண் பொத்தானா? நான் பொத்தான் பக்கம்தான். 2023-இல் சுமார் 61,000 கைரேகைப் பெட்டிகள் அமெரிக்காவில் திரும்பப் பெறப்பட்டன. ரேகையைப் பதிவு செய்யும்வரை யார் விரல் வைத்தாலும் அவை திறந்தன. அப்புறம், பிள்ளையின் பிறந்தநாளைக் குறியீடாக வைக்காதீர்கள். பிள்ளை முதலில் அழுத்திப்பார்ப்பது அதைத்தான்.

எப்போதாவது எடுக்கும் வேட்டைத் துப்பாக்கிக்குப் பூட்டிய அலமாரிக்குள் கேபிள் பூட்டு போதும். குண்டுகளை வேறிடத்தில் பூட்டிவையுங்கள்.