புது ரோட் பைக்கின் கியர் கடகடப்பு: திருகலாமா, நிமிர்த்தலாமா, மாற்றலாமா?

கிளிநொச்சியிலோ முல்லைத்தீவிலோ புதிதாக ரோட் பைக் எடுத்தவர்கள் முதல் மாதத்திலேயே கேட்கிற கேள்வி: கியர் மாற்றும்போது ஏன் இப்படி இடிக்கிறது, மாற்றின பிறகும் செயின் ஏன் கறகறக்கிறது? கேட்டவுடன் ஆளுக்கொரு வைத்தியம். கேபிள் முனையில் இருக்கிற பரலைத் திருகு என்பார் ஒருவர், கேபிளை மாற்று என்பார் இன்னொருவர், வாங்கின கடைக்கே திருப்பி அனுப்பு என்பார் மற்றவர், வன்னி தட்டை நிலம்தானே கியரே எதற்கு என்று ஒரு பெரியவர் சிரிப்பார். இதில் எது மலிவு என்று பார்த்துத் தெரிவு செய்கிறவர்கள்தான் அதிகம். சத்தம் எந்த நேரத்தில், எந்தப் பற்சில்லில் வருகிறது என்று பார்த்துத் தெரிவு செய்தால் பாதிச் செலவு மிச்சம்.

முதலில், எல்லாச் சத்தமும் கோளாறு இல்லை. இப்போதைய பற்சில்லுகளின் பக்கவாட்டில் செயின் ஏறுவதற்கென்றே சரிவு வெட்டியிருக்கும், ஏறும்போது ஒரு தடவை "டக்" என்பது இயல்பு. முன்னால் பெரிய சில்லு, பின்னாலும் பெரிய சில்லு என்று போட்டுவிட்டு உரசுது என்றால் அது ஓட்டுகிறவர் பாடு, செயின் குறுக்கே இழுபடுகிறது. மிதிக்கிற அழுத்தத்தைக் குறைக்காமல் கியர் போட்டாலும் எந்தச் சைக்கிளும் இடிக்கும்.

எதையும் தொடுவதற்கு முதல், பின் சக்கரம் சட்டத்தில் முழுதாக உட்கார்ந்திருக்கிறதா என்று பாருங்கள். பெட்டியில் வந்து அவசரமாகப் பூட்டின சைக்கிளில் அச்சு ஒரு பக்கம் ஒரு மயிரிழை கீழே நிற்கும். சைக்கிளை நிலத்தில் நிறுத்தி, அச்சுப் பூட்டைத் தளர்த்தி, இருக்கையை ஒருக்கால் அழுத்தித் திரும்ப இறுக்கினாலே சிலருக்குக் கதை முடிந்துவிடும்.

சரி, பரல். பின் பற்சில்லுகளுக்குக் கீழே தொங்கி, செயினைப் பக்கவாட்டில் தள்ளிக் கியர் மாற்றுகிற கருவிதான் டிரேலியர். அதில் கேபிள் உறை வந்து நுழைகிற இடத்தில் விரலால் திருகக்கூடிய சின்ன உருளை அது. புதுச் சைக்கிளில் உறைகளின் முனைகள் அமர்ந்து கொடுக்க, கம்பி தளர்ந்துவிடும். கேபிள் நீண்டுவிட்டது என்று சொல்வார்கள், உண்மையில் நீளுவது மிகக் கொஞ்சம், உறை அமர்வதுதான் அதிகம். அடையாளம் தெளிவு: பெரிய சில்லுக்கு ஏறும்போது எல்லா இடத்திலும் தயங்கும், ஆனால் சின்னதுக்கு உடனே விழும். அப்படியென்றால் கம்பி இறுக வேண்டும். உறை நுழைகிற பக்கம் நின்று பார்த்து இடஞ்சுழியாகக் கால் சுற்று. எதிர்மாறாக, ஏறுவது நல்லாக இருந்து இறங்குவது தயங்கினால் வலஞ்சுழி. கண்ணை விடக் காது நல்ல கருவி இதற்கு: பின்னால் சின்னதிலிருந்து இரண்டாவது சில்லில் போட்டு, பெடலைக் கையால் சுற்றிக்கொண்டே பரலை இடஞ்சுழியாகத் திருக, ஒரு கட்டத்தில் செயின் மூன்றாவது சில்லை உரசத் தொடங்கும். அந்த உரசல் நிற்கும்வரை மட்டும் திரும்ப வலஞ்சுழி. அவ்வளவுதான். செலவு இல்லை, ஆயுதம் இல்லை, முறிகண்டியில் கச்சான் வாங்க நிற்கிற நேரத்தில் செய்துவிடலாம்.

பரலின் கெட்ட பேர் எங்கே வருகிறது என்றால், அதோடு நிற்காமல் பக்கத்தில் இருக்கிற H, L என்று எழுதின இரண்டு திருகாணிகளையும் சேர்த்துக் கிண்டுவதால். அவை எல்லைக் கற்கள், செயின் இந்தக் கரையிலும் அந்தக் கரையிலும் விழாமல் பார்ப்பவை, நடுவில் வருகிற கறகறப்புக்கும் அவற்றுக்கும் சம்பந்தமே இல்லை. L திருகாணியைக் கண்டபடி தளர்த்தினால் டிரேலியர் பின் சக்கரத்தின் ஆரக்கம்பிகளுக்குள் போய் மாட்டும், பிறகு சக்கரமும் போய்ச் சட்டமும் போகலாம்.

இப்போது கேபிள் மாற்றுவது. பரலைத் திருகினால் ஏறுவது சரியாகி இறங்குவது கெடுகிறது, திரும்பத் திருகினால் மற்றது கெடுகிறது என்றால், அங்கே கம்பி உறைக்குள் உரசி இழுபடுகிறது. பெரிய சில்லுக்கு இழுப்பது உங்கள் விரல், சின்னதுக்கு இறக்குவது வெறும் ஸ்பிரிங், ஆகவே உறைக்குள் தூசு இருந்தால் முதலில் சோம்புவது இறக்கம்தான். ஏ9 இல் மட்டும் ஓடுகிறவருக்கு இது ஆறுதலாக வரும். ஒட்டுசுட்டான் பக்க உள்வீதிகளில் கிரவல் புழுதி குடிக்கிற சைக்கிளுக்கு, அதற்கு மேல் மாரி மழையும் பட்டால், புதுசென்று பாராமல் வரும். கேபிள் வெளியால் ஓடுகிற சட்டமென்றால் சோதிப்பது சுகம். பெரிய சில்லில் போட்டு, பெடல் சுற்றாமல் கியரை மட்டும் இறக்கினால் கம்பி தொங்கும். உறையைத் தாங்கியிலிருந்து கழற்றி, கம்பியின் மேல் முன்னும் பின்னும் வழுக்கிப் பாருங்கள். எண்ணெய் போட்டதுபோல் போக வேண்டும். நறநறவென்றால், குறிப்பாக டிரேலியருக்குப் பின்னால் வளைகிற அந்தக் கடைசித் துண்டில், குற்றவாளி அகப்பட்டாச்சு. முழுவதையும் மாற்றத் தேவையில்லை, அந்தத் துண்டையும் உள்கம்பியையும் மாற்றினால் போதும்.

இதிலே ஒரு கண்ணி. பிறேக் உறையும் கியர் உறையும் வெளித்தோற்றத்தில் ஒன்றுபோலத்தான் இருக்கும். பிறேக் உறைக்குள் கம்பி சுருளாகச் சுற்றியிருக்கும், தடிப்பு பெரும்பாலும் 5 மில்லிமீட்டர். கியர் உறைக்குள் கம்பிகள் நீளவாக்கில் ஓடும், 4 மில்லிமீட்டர். சுருள் அழுத்தத்தில் அமுங்கிக் கொடுக்கும், பிறேக்குக்கு அது பரவாயில்லை. கியரில் அந்த அமுங்கல் முழுவதும் பிழையாக விழும். கடையில் இருக்கிறதை வெட்டிப் போடவிட்டால் வருகிற "கேபிள் மாற்றியும் சரிவரவில்லை" என்ற முறைப்பாட்டுக்குக் காரணம் பல நேரம் இதுதான். மறுபடி போடும்போது கியரை பிறேக் கேபிளில் ஓட்டலாம் என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள். மறுபக்கம், கியர் உறையை பிறேக்குக்குப் போடுவது அதைவிட மோசம், இறுக்கிப் பிடிக்கும்போது பிளந்துபோகும்.

பரலுக்கும் கேபிளுக்கும் அடங்காதது ஹேங்கர். என் கணக்கில் வன்னிக்கு வருகிற புதுச் சைக்கிளில் முதலில் சந்தேகிக்க வேண்டியதே இதுதான், கடைசியாகத்தான் சந்தேகிக்கிறார்கள். டிரேலியரைச் சட்டத்தோடு பிடித்திருக்கிற சின்ன அலுமினியத் துண்டு அது. அடிபட்டால் சட்டம் தப்பட்டும் என்று மென்மையாகவே செய்திருக்கிறார்கள். கொழும்பிலிருந்து பஸ்ஸின் அடிப்பெட்டியில், மேலே நாலு மூட்டையோடு, டிரேலியர் கீழ்ப்பக்கமாகப் படுத்து வந்த சைக்கிளில் அது நேராக இருந்தால்தான் ஆச்சரியம். அடையாளம் என்னவென்றால், சின்னச் சில்லுகளில் சுத்தமாக ஓடும், பெரியதுகளில் கறகறக்கும். பெரியதுக்குச் சரிபண்ணினால் சின்னது கெடும். 8 கியரில் பற்சில்லுகளின் இடைவெளி மையத்துக்கு மையம் 4.8 மில்லிமீட்டர், 11 கியரில் ஏறக்குறைய 3.7 தான். ஆகவே கியர் கூடக்கூட இந்தச் சின்ன வளைவைத் தாங்கும் பொறுமை குறைகிறது. விலை கூடிய சைக்கிள் கூடச் சத்தம் போடுவதில் அதிசயமில்லை.

பின்னால் குந்தியிருந்து பாருங்கள்: டிரேலியரின் இரண்டு குட்டிச் சில்லுகளும் மேலே உள்ள பற்சில்லோடு ஒரே நேர்கோட்டில் தொங்க வேண்டும். கீழ்ச் சில்லு உள்ளே சாய்ந்திருந்தால் வளைந்தாச்சு. அளக்கும் கருவி எங்கள் பக்கத்தில் லேசில் கிடைக்காது. ஆனால் ஹேங்கரின் துளை 10 மில்லிமீட்டர், புரியிடை 1 மில்லிமீட்டர், கியர் சைக்கிள்களின் பின் அச்சுகள் பலவற்றில் அதே புரிதான். டிரேலியரைக் கழற்றிவிட்டு, அப்படியான ஒரு பழைய பின் சக்கரத்தின் அச்சை அந்தத் துளையில் விரலால் பூட்டினால், இரண்டு சக்கரங்களும் பக்கம் பக்கமாக நிற்கும். றிம்முக்கும் றிம்முக்கும் உள்ள இடைவெளி மேல், கீழ், முன், பின் நாலு இடத்திலும் ஒன்றென்றால் நேர். ஒருபக்கம் கூடினால் அந்தப் பழைய சக்கரத்தையே நெம்பாகப் பிடித்து மெதுவாக, மிக மெதுவாக நிமிர்த்தலாம். விரலால் பூட்டுப்படவில்லை என்றால் விட்டுவிடுங்கள், அது வேறு புரி, பலவந்தம் பண்ணினால் துளை போய்விடும். திரும்பத் திரும்ப வளைத்தால் அலுமினியம் முறியும் என்பதால் சைக்கிள் வாங்கும்போதே அதற்குரிய மாற்று ஹேங்கர் ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். சட்டத்துக்குச் சட்டம் வடிவம் வேறு, பிறகு தேடினால் அலைச்சல்.

கடைக்கே திருப்பி அனுப்புவது? உத்தரவாதமும் முதல் இலவச சேர்விசும் இருந்தால் உரிமைதான், ஆனால் அதே பஸ், அதே அடிப்பெட்டி. அனுப்பத்தான் வேண்டுமென்றால் பின்னால் பெரிய சில்லில் போட்டு அனுப்புங்கள், டிரேலியர் உள்ளே ஒதுங்கும், டிரேலியர் உள்ள வலப்பக்கம் மேலே இருக்கட்டும். உள்ளூர் சைக்கிள் கடைக்காரரைக் குறைவாக எண்ணவேண்டாம். எரிபொருள் இல்லாத காலங்களில் வன்னியை ஓடவைத்த கைகள் அவை, றிம் நெளிவு எடுப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை. ஆனால் கிளிக் கிளிக்கென்று விழுகிற கியரில் கை பழகினவர் யார் என்று விசாரித்துக் கொடுங்கள். "அண்ணை, ஹேங்கரை மட்டும் பாருங்கோ, திருகாணியில கை வைக்காதேங்கோ" என்று குறிப்பாகச் சொன்னால் வேலை சுருங்கும். செயினுக்குக் கழிவு ஒயில் பூசித் தருகிறேன் என்றால் மட்டும் அன்பாக மறுத்துவிடுங்கள், அதில் எஞ்சினின் இரும்புத்தூள் இருக்கிறது.

அந்தப் பெரியவர் சொன்ன கியரே இல்லாத ஒற்றைப் பற்சில்லு யோசனை பகிடி இல்லை. பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புவரை ஏற்றம் என்று சொல்ல எதுவும் இல்லை, முன்னால் 42 பல், பின்னால் 16 பல் என்று போட்டால் பெடலின் ஒரு முழுச் சுற்றுக்கு ஏறக்குறைய ஐந்தரை மீற்றர் போகும், சரிபார்க்க எதுவும் இராது, சத்தமும் இராது. ஆனால் சோளகம் அடிக்கிற மாதங்களில் பூநகரி பக்கம் காற்றுக்கு முகம் கொடுத்துப் போகிறவர் பத்து நிமிடத்தில் கியரைத் தேடுவார்.