ஓட்டல் அறையா, காப்பகமா?

2020 மார்ச் ஊரடங்கில், கணவனின் அடிக்குத் தப்பி வரும் பெண்களுக்காக ஓட்டல்களில் 20,000 இரவுகளுக்குப் பணம் கட்டுவதாக பிரான்ஸ் அரசு அறிவித்தது. இப்படிப்பட்ட பெண்களுக்கென்றே காப்பகம் இருக்க ஓட்டல் எதற்கு என்பவர்களுக்கு:

வேகம்: ஓட்டலில் இன்றிரவே சாவி. காப்பகத்தில் இடம் காலியாக வேண்டும்.

வசதி: ஓட்டலில் தனி அறை, தொற்று பயம் குறைவு; ஆனால் பால் காய்ச்ச அடுப்பில்லை, அழுதால் கேட்க ஆளில்லை. காப்பகத்தில் அடுப்பும் உண்டு, ஆளும் உண்டு.

பாதுகாப்பு: காப்பக முகவரி ரகசியம். ஓட்டல் வாசலோ ஊருக்கே திறந்தது. “என் மனைவி இங்கே இருக்காளா?” என்று வருபவனிடம் வரவேற்பு ஊழியர் ஆம், இல்லை எதுவும் சொல்லக் கூடாது. அந்தப் பயிற்சி தராமல் அவரை அங்கே நிறுத்துவது அநியாயம்.

துப்புரவு ஊழியர்: தினமும் அறைக்குள் போக வேண்டாம்; அழுக்குத் துணி பையில் கட்டி வாசலுக்கு வரட்டும்.

முதல் சில இரவுகளுக்கு ஓட்டல். குழந்தைகளோடு, வழக்கோடு மாதக்கணக்கில் என்றால் காப்பகம்தான்.